இல்லத்திற்கு ஒரு நினைவேடு

உங்கள் தாத்தாவைப் பெற்ற தாயாரின் பெயர் என்ன?

இந்த எளிய வினாவை நம் பங்கில் உள்ள குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான இல்லங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதே விடையாக இருக்கும். தாத்தாவின் பெயர் தெரியும். அவருடைய தந்தையின் பெயரையும், நிலப் பத்திரத்திலோ கல்லறைப் பலகையிலோ எழுதப்பட்டிருப்பதால், சிலர் சொல்லிவிடுவர். ஆனால் அந்தத் தாயார் யார்? எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்? எத்தனை பிள்ளைகளைப் பெற்றார்? அவர்களுள் எத்தனை பேரைப் பறிகொடுத்தார்? நம் உடலில் ஓடும் குருதியில் அவருக்கும் பங்குண்டு. நம் வீட்டு மீன் குழம்பில் அவருடைய கைப்பக்குவம் இன்றும் மணக்கக்கூடும். ஆயினும் அவரை நாம் அறியோம். மூன்றே தலைமுறை, அதற்கு அப்பால் ஒரே இருள்.

இவ்விருளை ஓரளவேனும் அகற்றப் பெரும் படிப்போ பொருட்செலவோ தேவையில்லை. கெட்டி அட்டை போட்ட ஒரு குறிப்பேடு, ஒரு பேனா, வாரத்திற்கு ஒரு மணி நேரம், கேட்பதற்குக் கொஞ்சம் பொறுமை; இவை போதும். ஓய்வு நேரத்தில் தபால்தலை சேர்ப்போர் உண்டு. தோட்டம் போடுவோர் உண்டு. தையலும் பின்னலும் பழகுவோர் உண்டு. யாவும் நல்ல பொழுதுபோக்குகளே. அவற்றை இவ்வாண்டு தொடங்க முடியாவிட்டால் அடுத்த ஆண்டு தொடங்கலாம். குடும்ப நினைவேட்டை மட்டும் அவ்வாறு தள்ளிப்போட இயலாது. ஏனெனில் அதற்கு வேண்டிய செய்திகளுள் பெரும்பகுதி, நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது.

சிறியவையே முதலில் மறையும்

போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் எழுதி வைக்க வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டின் அன்றாட வாழ்வை எழுதி வைக்க அவ்வீட்டாரைத் தவிர வேறு யார் உளர்?

தமிழில் இதற்கு ஒரு பெருமைமிக்க முன்மாதிரி உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி செய்த காலத்தில் வணிகராகவும் துபாஷியாகவும் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761-ஆம் ஆண்டில் தாம் மறையும் காலம் வரையில் தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். ஆளுநர் துய்ப்ளேயின் அரசியல் சூழ்ச்சிகளும் அதில் உள்ளன. கப்பல் வந்த நாளும், சரக்கின் நிலவரமும், வீட்டுத் திருமணமும், ஊரில் பேசிக்கொண்ட வதந்தியும் உள்ளன. புதுச்சேரி ஆலயத்திற்குள் சாதியின் பேரால் மக்களைப் பிரித்து நின்ற சுவரையும், அது 1745-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்ட செய்தியையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் அந்த நாட்குறிப்பு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை சென்னையில் வெளியிடப்பட்டது. இன்று அக்காலத் தென்னிந்தியாவை ஆராய்வோர் எவரும் அதைப் புறக்கணிக்க முடியாது. தம் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அன்றன்றே ஒருவர் குறித்து வைத்தார்; அதனால் ஒரு நகரத்தின் வாழ்வு நமக்குக் கிடைத்தது.

நாம் ஆனந்தரங்கர் ஆகவேண்டியதில்லை. நம் வீட்டில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது எப்போது? அதற்கு முன் அரிக்கேன் விளக்கின் கண்ணாடிப் புகையைத் துடைக்கும் வேலை எந்தப் பிள்ளையினுடையது? குடிநீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது? கிறிஸ்மஸுக்கு எத்தனை நாளுக்கு முன் முறுக்குக்கு மாவு இடித்தார்கள்? ஊர்த் திருவிழாவில் சப்பரம் தூக்க யார் யார் நின்றார்கள்? வாசாப்பு நாடகத்தில் நம் தாத்தா எந்த வேடம் கட்டினார்? இவற்றை எந்த நூலகத்திலும் தேடிக் காணமுடியாது.

கேட்கும் முறை

எங்கள் இல்லத்தில் இந்த ஏட்டைத் தொடங்கியபோது நாங்கள் கற்றுக்கொண்ட முதற்பாடம், பெரிய வினா கேட்டால் சிறிய விடைதான் வரும் என்பது. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க, அம்மாச்சி" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல? கஷ்டப்பட்டோம், பிள்ளைகளை வளர்த்தோம்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். "நீங்க கல்யாணமாகி வந்த அன்னைக்கு இந்த வீட்டுல அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பு இருந்த மூலை நினைவுக்கு வரும். அதையடுத்து அங்கே நின்ற மாமியார் வருவார். அவர் அன்று சொன்ன சொல் வரும். அந்தச் சொல்லுக்காக எத்தனை இரவு தலையணை நனைந்தது என்பதும், பின்னொரு நாளில் அதே மாமியார் தம் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துப் பேரனின் மருத்துவச் செலவைத் தீர்த்த கதையும் வரும்.

ஆகவே இடத்தையும் பொருளையும் பற்றிக் கேட்பதே நல்லது. ஒரு நாளைக்கு ஒரு வினா போதும். கை வேலையாக இருக்கும்போது கேட்பது இன்னும் நல்லது. கீரை ஆயும்போதும், புளி கொட்டை எடுக்கும்போதும் வராத பேச்சு, எதிரே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தால் வந்துவிடாது. இடைமறித்துத் திருத்த வேண்டாம். "அதை முந்தியே சொன்னீங்களே" என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். இரண்டாம் முறை சொல்லும்போது முதல் முறை வராத ஒரு பெயர் வந்து சேரும். இன்று கைப்பேசியிலேயே குரலைப் பதிந்து வைக்கலாம். முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெற்றுப் பதிவு செய்தால், எழுத்தில் அடங்காத அந்தக் குரலும் சிரிப்பும் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

முதுமையில் மறதி நோய்க்கு ஆளானோரைப் பற்றியும் ஒரு சொல். காலையில் உண்டது நினைவில் இல்லாதவருக்கும் இளமையில் பாடிய பாட்டும், பிறந்த ஊரின் தெருவும் நெடுநாள் நினைவில் நிற்பதுண்டு. அவரிடம் இன்றைய தேதியைக் கேட்டுத் திணறடிப்பதைவிட, அவருடைய சிறுவயதுத் தெருவில் யார் யார் வீடு இருந்தது என்று கேட்பது அவருக்கு ஆறுதல், நமக்கு ஆதாயம்.

ஆண்டு தெரியாவிட்டால்

முதியவர்கள் பலருக்கு ஆண்டுக்கணக்கு தெரியாது, நிகழ்ச்சிக்கணக்கு தெரியும். "புயலடிச்ச வருஷம் பெரியவன் கைக்குழந்தை" என்பார்கள். இராமநாதபுரம் கடற்கரையைச் சேர்ந்தவர் அவ்வாறு சொன்னால், தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் 22, 23 நள்ளிரவுப் புயலையே அவர் குறிப்பிடக்கூடும். "அணா போயி நயா பைசா வந்தப்போ" என்றால் 1957 ஏப்ரல் முதல் நாளை ஒட்டிய காலம். "குண்டு போடுவான்னு சொல்லிப் பட்டணத்தைக் காலி பண்ணிட்டு வந்தோம்" என்றால் 1942-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் திரள்திரளாக வெளியேறினர். பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த குடும்பங்களின் துயரக் கதையும் அதே ஆண்டைச் சேர்ந்தது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோரின் கதையை, 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்திலிருந்து தொடங்கிக் கணக்கிடலாம்.

நம் ஆலய வாழ்விலும் இத்தகைய மைல்கற்கள் உண்டு. "பூசை லத்தீன்ல இருந்தப்போ" என்று ஒருவர் சொன்னால் அது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தங்கள் நம் ஊரை எட்டுமுன் இருந்த காலம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தது 1986 பிப்ரவரியில். கடலோரப் பங்குகளில் 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலையை எவராலும் மறக்க இயலாது. இத்தகைய நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் ஒரு தாளில் எழுதி ஏட்டின் முதற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். "அப்போ எனக்குக் கல்யாணம் ஆயிருச்சா, இல்லையா?" என்று முதியவர் தாமே ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குவார். ஆண்டு தானே வந்து அகப்படும்.

வீட்டுக்குள் இருக்கும் ஆவணங்கள்

எழுதப்பட்ட சான்று எதுவும் எங்கள் வீட்டில் இல்லையே என்று சிலர் வருந்துவர். பரணில் இருக்கும் பாத்திரங்களை இறக்கிக் கவிழ்த்துப் பாருங்கள். நம் மக்கள் பித்தளைக் குடத்திலும் எவர்சில்வர்ச் சட்டியிலும் பெயர் பொறிக்கும் வழக்கமுடையவர்கள். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், சில வேளைகளில் திருமண நாள், ஊர் யாவும் அதில் இருக்கும். யாருடைய பெயர் என்று தெரியாமலே நாம் நாள்தோறும் அதில் தண்ணீர் மொண்டு கொண்டிருப்போம்.

அடுத்தது மொய் நோட்டு. திருமணத்திற்கும் புதுநன்மைக்கும் வந்தோர் செய்த மொய்யைத் திருப்பிச் செய்யவேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட கணக்கு அது. ஆனால் வருங்காலத்தில் அதுவே உறவுகளின் முழுப் பட்டியலாகிவிடுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னே ஊர் இருக்கும். பின்னே ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ இருக்கும். அந்தத் தொகைகளைப் பார்த்தால் அக்காலத்துப் பணத்தின் மதிப்பும் விளங்கும். வறுமையிலும் கைவிடாமல் வந்து நின்ற உறவு எது என்பதும் விளங்கும்.

பழைய அஞ்சலட்டைகளையும் நீலநிற உள்நாட்டுக் கடிதங்களையும் எரித்துவிட வேண்டாம். அவற்றின் மேலுள்ள அஞ்சல் முத்திரை நாளையும் ஊரையும் காட்டும். தந்தித் தாள் ஏதேனும் இருந்தால் அதையும் காத்து வையுங்கள். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டுவிட்டது. தந்திக்காரரைக் கண்டாலே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தாள்தான் சொல்லவேண்டும்.

பங்கு ஏடுகள் காட்டும் வழி

கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நமக்கு இன்னொரு பெருஞ்செல்வமும் உண்டு. அவை நம் பங்கு அலுவலகத்து ஏடுகள். திருமணங்களையும் ஞானப் பெற்றோரின் பெயர்களையும் பங்குக் குருவானவர் ஏட்டில் எழுதி வைக்கவேண்டும் என்று 1563-ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் கட்டளையிட்டது. 1614-இல் வெளியான உரோமைத் திருச்சடங்கு நூல் இவ்வேடுகளை எழுதவேண்டிய முறைகளை வகுத்தது. அரசாங்கம் பிறப்பு இறப்புகளை எண்ணத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, ஏழை உழவனின் குழந்தையும் மீனவனின் குழந்தையும் இன்னார் என்று ஓர் ஏட்டில் பெயரோடு எழுதப்பட்டது.

திருமுழுக்கு ஏட்டில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், திருமுழுக்கு நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர், திருமுழுக்கு அளித்த குருவானவர் ஆகிய விவரங்கள் இருக்கும். அதே பதிவின் ஓரத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். 1908-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் வேறு ஊரில் திருமணம் செய்துகொண்டாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கு அனுப்பப்பட்டு, அவருடைய பழைய பதிவின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும். ஆகவே ஓரக்குறிப்பு ஒன்று, நூறு கல் தொலைவிலுள்ள இன்னொரு பங்கின் ஏட்டிற்கு நம்மை அழைத்துச் செல்லக்கூடும்.

தேடும்போது இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும். முதலாவது, பெயர். பழைய ஏடுகள் பல லத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. வீட்டில் சின்னப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பவுலுஸ் என்றிருப்பார். இராயப்பன் பேத்ருஸ் ஆவார். அருளப்பன் யோவான்னெஸ் ஆவார். சூசை யோசேப்புஸ் ஆவார். இன்னாசி இக்னாசியுஸ் ஆவார். ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ் ஆவார். யோவான் பவுல் என்னும் திருத்தந்தையை நாம் அருள் சின்னப்பர் என்று அழைத்ததும் இந்த மரபினால்தான். இரண்டாவது, ஊர். இன்று தனிப் பங்காக விளங்கும் ஊர் அன்று கிளைப் பங்காக இருந்திருக்கும். பழைய பதிவுகள் தாய்ப் பங்கிலேயே இருக்கும். மறைமாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. தூத்துக்குடி 1923-லும், கோட்டாறு 1930-லும், சிவகங்கை 1987-லும் தனி மறைமாவட்டங்களாயின. அதற்கு முந்தைய தாள்களை வேறிடத்தில் தேட நேரிடலாம்.

பங்குத் தந்தையை அணுகும்போது அவருடைய வேலைப்பளுவையும் எண்ணிப் பார்ப்போம். ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதைக் கணித்துக்கொண்டு, முன்னதாகச் சொல்லிவிட்டு, நெருக்கடியில்லாத நாளில் செல்வதே முறை. பழைய தாள்கள் கை பட்டால் உதிரும். அவரது அனுமதியின்றிப் படம் எடுப்பதோ, பிறர் குடும்பத்துப் பதிவுகளை ஆராய்வதோ தகாது.

இவ்வேடுகளின் இன்னொரு சிறப்பு, அவற்றில் தாயின் பெயரும் இருப்பது. நாம் வரையும் குலவரிசைகளில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே தொடர்கின்றன. பெண்கள் வந்த இடமும் தெரிவதில்லை, போன இடமும் தெரிவதில்லை. டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் நீண்ட பெயர்ப்பட்டியலைக் கேட்டுச் சலிப்படைவோர் உண்டு. அந்த ஆண்களின் வரிசைக்கு நடுவே தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, மரியா என ஐந்து பெண்கள் இருப்பதைச் செவிமடுத்திருக்கிறோமா? நம் வீட்டு ஏட்டிலும் அவர்களுக்கு இடம் கொடுப்போம்.

மூன்று பெயர்கள்

எங்கள் உறவினர் இல்லம் ஒன்றில் நடந்தது இது. அவ்வீட்டு அப்பத்தாவுக்குப் பிள்ளைகள் ஆறு பேர் என்பதே எல்லாரும் அறிந்த கணக்கு. பேரன் ஒருவன் பங்கு அலுவலகத்தில் பெரியப்பாவின் திருமுழுக்கு நாளைத் தேடச் சென்றான். அங்கே அதே தாய் தந்தையரின் பெயரில் ஒன்பது பதிவுகள் இருந்தன. அடக்க ஏட்டைப் பார்த்தபோது மூன்று குழந்தைகளின் பெயர்கள் அங்கும் இருந்தன. ஒன்று பதினோரு நாள் வாழ்ந்திருந்தது.

இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று அவன் பல நாள் தயங்கினான். இறுதியில் ஒரு மாலை, அவரருகில் அமர்ந்து, தான் எழுதி வந்ததை மெல்லப் படித்துக் காட்டினான். அவர் கையிலிருந்த செபமாலையை மடியில் வைத்தார். பிறகு அந்த மூன்று பெயர்களையும், ஏட்டில் இருந்த அதே வரிசையில், தாமே சொன்னார். மூத்தது காய்ச்சலில் போனது. அடுத்தது பெரியம்மையில் போனது. கடைசியது பால் குடிக்கவே இல்லை.

"ஏன் அப்பத்தா, எங்ககிட்டச் சொல்லவே இல்லை?"

"யாரு கேட்டா? கேட்டா அழுதுடுவேன்னு நினைச்சு யாரும் கேக்கல. நான் அழுதுட்டுத்தான் இருந்தேன்."

அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, அக்குழந்தைகளின் குழி எதுவென்று யாருக்கும் தெரியாமையால், கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையின் அடியில் மூன்று மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டன. பேரப்பிள்ளைகள் ஏற்றினார்கள், அப்பத்தா நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தாய் தனியே சுமந்ததைக் குடும்பம் பங்கிட்டுக்கொண்டது. ஏட்டில் நாலு வரி எழுதியதால் விளைந்த நன்மை இது.

நிழற்படங்களைக் காத்தல்

நம் வீடுகளில் பழைய நிழற்படங்கள் மிகுதியாக இரா. திருமணத்திற்கு ஒன்று, புதுநன்மைக்கு ஒன்று. சில இல்லங்களில் இறந்தவரின் பெட்டியைச் சூழ்ந்து உறவினர் யாவரும் நின்று எடுத்துக்கொண்ட அடக்கப் படம் ஒன்று. அந்தக் கடைசிப் படத்தைப் பார்க்க மனம் வருந்தி அதை மறைத்து வைப்போர் உண்டு. ஆனால் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக நிற்கும் படம் பெரும்பாலும் அது ஒன்றே. அதில் இருப்போர் யார் யார் என்று சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். பெயரற்ற முகம், இன்னும் இருபது ஆண்டுகளில் யாருக்கும் வேண்டாத தாளாகிவிடும்.

படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்புறம் தெரியும். மையும் நாளடைவில் ஊறும். பசை போட்டு ஒட்டுவதும் ஒட்டுநாடா போடுவதும் கூடாது. ஒட்டும் தாளும் மேலே கண்ணாடித் தாளும் கொண்ட ஆல்பங்கள் ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்தன. அவற்றின் பசை மஞ்சளித்துப் படத்தையே பற்றிக்கொள்ளும். எளிதில் வருகிற படங்களை இப்போதே எடுத்துக் காகித உறைகளில் இடுங்கள். வராதவற்றை இழுக்காமல் அப்படியே விட்டு, படியெடுத்துக் கொள்ளுங்கள். சமையலறைச் சுவரும் ஈரம் ஏறும் வெளிச்சுவரும் படங்களுக்குப் பகை. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளியால் ஆனது. ஈரம் படாமல் காத்தால் நெடுங்காலம் நிற்கும். வண்ணப் படத்தின் உருவம் சாயத்தால் ஆனது. வெயிலிலும் வெப்பத்திலும் விரைவில் வெளுக்கும். ஆதலால் அவற்றை முதலில் படியெடுங்கள். பகல் வெளிச்சம் வரும் சன்னலருகே, மின்னொளி போடாமல், கைப்பேசியை நேராகப் பிடித்து எடுத்தாலே போதுமான படி கிடைக்கும்.

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ளன, ஒன்றிற்கும் பெயரில்லை. கருவி பழுதானால் யாவும் ஒருசேரப் போகும். ஆண்டு முடிவில் குடும்பமாக அமர்ந்து பன்னிரண்டு படங்களைத் தேர்ந்து, அச்சிட்டு, பெயரும் நாளும் எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

எழுதும் முறை

ஏட்டில் ஒவ்வொருவருக்கும் எதிரெதிரான இரு பக்கங்களை ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் உறுதியான விவரங்கள்: பெயர், வீட்டுப் பெயர், பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு, ஊர். வலப்பக்கத்தில் நினைவுகள். ஒவ்வொரு செய்தியின் கீழும் சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்று குறியுங்கள். பெரியப்பா ஒருவிதமாகவும் அத்தை வேறுவிதமாகவும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்; நீதிபதியாக வேண்டாம். அவர்கள் பேசிய சொற்களை மாற்றி அழகுபடுத்தவும் வேண்டாம். படி ஒன்றைத் தயாரித்து வேறு வீட்டில் வையுங்கள். ஒரே வீட்டில் இருப்பது ஒரே மழையில் போகும்.

பிள்ளைகளையும் இப்பணியில் சேர்த்துக்கொள்வோம். பத்து வயதுச் சிறுமி கேட்கும் கேள்விக்குத் தாத்தா சொல்லும் பதில், மகனுக்குச் சொல்லும் பதிலைவிட நீளமாக இருக்கும். கேட்டு எழுதுகிற பிள்ளைக்கு முதியவரின் இருமலும் மறதியும் தொல்லையாகத் தோன்றுவது குறையும். அவர் ஒரு காலத்தில் ஓடி விளையாடியவர், பயந்தவர், அடிபட்டவர், காதலித்தவர் என்பது விளங்கும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. குலப்பெருமை பேசுவதற்கென இந்த ஏட்டை எழுதினால் அது அக்கம்பக்கத்தாரோடு பகை வளர்க்கும் கருவியாகிவிடும். நம் முன்னோர்களுள் கடனாளியும் உண்டு, குடிகாரரும் உண்டு, சொத்துக்காகத் தம்பியோடு பேசாமலே இறந்தவரும் உண்டு. உண்மையை மறைக்க வேண்டாம். உயிரோடிருப்போரைப் புண்படுத்துகிற செய்தியை வெளியிடவும் வேண்டாம். சிலவற்றை எழுதி, உறையிலிட்டு, காலம் கனியும்வரை மூடி வைக்கலாம். அண்ணன் தம்பி பிளவின் காரணத்தை எழுதும்போது, அது எத்துணை அற்பமானது என்பது எழுதுகிறவருக்கே விளங்கிவிடுவதும் உண்டு. அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு ஒரு நடை போய்வருவதற்கு அதுவே தக்க காரணமாகவும் அமையலாம்.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் தொலைக்காட்சியைச் சற்று நேரம் நிறுத்தி வைப்போம். வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவர் அருகே அமர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ, ராத்திரி எங்கே படுத்துத் தூங்குவீங்க?" அவர் சொல்வதை நாளும் பெயரும் இட்டு எழுதி வைப்போம். நாளை இன்னொரு கேள்வி. முதியவர் யாரும் இல்லாத வீடாயின், நம் நினைவில் உள்ளதை நாமே எழுதத் தொடங்குவோம்; ஒருநாள் நம்முடைய பெயரையும் ஒரு குழந்தை தேடும்.